பாலம் விழுவது தலைவிதியா?

சென்னையிலிருந்து பெங்களூர் போகும் நெடுஞ்சாலை வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி வழியாகப் போகின்றது என்பது யாவரும் அறிந்த விஷயமே. தோல் ஏற்றிய லாரிகளும், ஷூ கம்பெனி வேலைக்குப் போகும் பெண்களை ஏற்றிய பஸ்களும் பாலாற்றுப் பாலங்களின் மேல் இரவு பகலாய்ப் போய்வந்த வண்ணமிருக்கின்றன. இவர்களில் எவரும் பாலத்தின் உறுதியைச் சோதித்துவிட்டு ஏறுவதில்லை; யாரோ பார்த்திருப்பார்கள் என்று நம்பியே ஏறுகின்றார்கள். அந்த நம்பிக்கைக்கு ஆதாரம் உண்டா என்பதே நமது கேள்வி.

2021 நவம்பர் வெள்ளத்தில் விரிஞ்சிபுரத்திலும் மாதனூரிலும் பாலாற்றுத் தரைப்பாலங்கள் அடித்துச் செல்லப்பட்டன. அடுத்த மாதமே திருவலம் அருகில் பொன்னையாற்று ரயில் பாலத்தில் விரிசல் காணப்பட்டு, ரயில்கள் நிறுத்தப்பட்டுப் பழுது பார்க்கப்பட்டது. விரிசலைக் காணாமல் விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை வாசகர்களே யோசிக்கட்டும்.

யோசிப்பதற்கு உதாரணமும் இருக்கின்றது. 2022 அக்டோபர் 30ல் குஜராத்தில் மோர்பி தொங்குபாலம் அறுந்து 135 பேர் மாண்டார்கள். பாலத்தைப் பராமரித்த கம்பெனியின் மானேஜர் ஒருவர் இது கடவுள் சித்தம் என்று கோர்ட்டில் சொன்னார். விசாரணைக் குழு கண்டதோ, ஒரு வடத்திலிருந்த 49 கம்பிகளில் 22 துருப்பிடித்துக் கெட்டிருந்தன என்பதாகும். கடவுள் சித்தத்துக்குத் துருவின் ஒத்தாசை எதற்கு என்று கேட்கின்றோம்.

இனி இதற்கு மாறானதைப் பாருங்கள். 1914ல் திறந்த பழைய பாம்பன் ரயில் பாலத்தில், சென்னை ஐ.ஐ.டி.யார் அதன் அசைவை அளக்கும் கருவிகளைப் பொருத்தியிருந்தார்கள். அக்கருவிகள் அபாயம் என்று எச்சரித்தன. 2022 டிசம்பர் 23ல் ரயில்கள் நிறுத்தப்பட்டன. புதிய பாலம் 2025 ஏப்ரலில் திறக்கப்பட்டது.

இதில் மந்திரம் ஒன்றுமில்லை. சந்தையில் பானை வாங்கும் பெண் அதைத் தட்டிப் பார்த்து, சத்தத்திலேயே கீறலைக் கண்டு கொள்ளுகிறாள். பாலமும் அப்படியே. லாரி போகும்போது ஒவ்வொரு பாலமும் தனக்குரிய வேகத்தில் அதிர்கின்றது. உள்ளே கெட்டால் அந்த அதிர்வு மாறும். வெயிலிலும் குளிரிலுங்கூட அது கொஞ்சம் மாறுமாதலால், வருஷ முழுதும் அளந்தால்தான் உண்மை விளங்கும். இரும்பு எவ்வளவு இழுபடுகிறது, தூண் எவ்வளவு சாய்கிறது, தூணடியில் மணல் எவ்வளவு அரிக்கப்படுகிறது என்பவைகளையும் கருவியால் அறியலாம். மணல் வாரிப் பள்ளமான ஆற்றுக்கு இந்தக் கடைசிச் சோதனை மிக முக்கியமாகும்.

இதற்குப் பணமேது என்பார்கள். நல்ல நாள் பார்த்துப் பூமி பூஜை போடவும், திறப்பு விழாவுக்குப் பந்தல் போடவும் கிடைக்கிற பணம், திறந்த பாலத்தைக் கவனிக்க மட்டும் ஏன் கிடைப்பதில்லை?

கருவி மாத்திரம் போதும் என்று நாம் சொல்லவில்லை. கருவி சொன்னதும் போக்குவரத்தை நிறுத்தும் பொறுப்பு ஒரு அதிகாரிக்கு இருக்க வேண்டும். பாலம் கட்டிய வருஷம், கடைசியாகச் சோதித்த தேதி, கண்ட குறை ஆகியவைகளை ஒவ்வொரு பாலத்தின் தலைப்பிலும் தமிழில் எழுதி வைக்க வேண்டும். ஜனங்களும் இவற்றைக் கேட்கப் பழக வேண்டும். கேட்காத வரை, விழுந்த பாலத்துக்கெல்லாம் தலைவிதியே காரணமென்று சொல்லப்பட்டு வரும் என்பதைத் தெரிவித்துக் கொள்ளுகின்றோம்.