கரையும் கோவில், நொறுங்கும் மலை

காஞ்சீபுரம் என்றால் பட்டு நினைவுக்கு வரும். ஆனால் கல்லும் இந்த ஊருக்குப் பெருமை தேடித் தந்தது.

கைலாசநாதர் கோவிலை சுமார் 1,300 ஆண்டுகளுக்கு முன் பல்லவ மன்னன் ராஜசிம்மன் கட்டினான். அடித்தளம் கருங்கல். சுவர்களும் சிற்பங்களும் மணற்கல்.

மணற்கல் மென்மையானது. செதுக்குவது எளிது, ஆயுள் குறைவு. மழை நீர் உள்ளே ஊறும். ஈரம் காயும்போது உப்பு பூக்கும். கல் பொடியாக உதிரும். பல சிற்பங்களின் முகம் இப்படித்தான் மழுங்கிவிட்டது. மத்திய தொல்லியல் துறை இக்கோவிலைப் பாதுகாத்து வருகிறது.

பிற்காலத்தார் உறுதியான கருங்கல்லை நாடினார்கள். வரதராஜப் பெருமாள் கோவில் மண்டபத்தில் கல்லில் செதுக்கிய சங்கிலி தொங்குகிறது. கருங்கல்லில் அத்தனை நுட்பம்!

இன்று அந்தக் கருங்கல்லின் கதி என்ன?

மாவட்டத்துக் கல்குவாரிகளில் பாறைக்கு வெடி வைக்கிறார்கள். கிரஷரில் அது ஜல்லியாகவும் எம்-சாண்டாகவும் மாறுகிறது. வீடு கட்டவும் சாலை போடவும் அது வேண்டும். ஆற்று மணல் அள்ளுவதும் அதனால் குறையும். ஆனால் மரத்தை வெட்டினால் மறுபடி நடலாம். மலையை வெட்டினால் மறுபடி வளருமா?

எந்த மலையை எவ்வளவு வெட்டலாம் என்று கணக்குப் பார்த்து அனுமதிப்பது அரசின் பொறுப்பு. கோவிலுக்குப் போகிறவர்கள் சிற்பத்தைத் தொடாமல் பார்ப்பது மக்களின் பொறுப்பு.