கீறல் விழுந்த றெக்கோட்

தானமாய்க் கிடைத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக்கூடாது என்பார்கள். நாங்கள் பார்த்தோம். ஒவ்வொரு பல்லாகப் பார்த்தோம். பார்த்து முடிக்க நாலு மாதம் போனது.

தன்னாமுனையில் ஒரு வீட்டுக்கு ஓடு மாற்ற உதவிக்குப் போன இடத்தில்தான் அது கிடைத்தது. பழைய இரும்புக்காரருக்கு என்று முற்றத்தில் குவித்திருந்த சாமான்களுக்குள், துருப்பிடித்த தையல் மெஷின் காலுக்குப் பக்கத்தில், ஒரு மரப்பெட்டி. மூடியைத் திறந்தால் றெக்கோட் பிளேயர். பெயர்த் தகடு உரிந்துபோய், அடியில் 'இங்கிலாந்தில் செய்தது' என்ற எழுத்து மட்டும் மிச்சம். "அது பாடாது மனே, வேணுமெண்டா எடுத்துப் போங்க" என்றார் அந்த வீட்டு அம்மம்மா. உரப்பையில் சுற்றிய ஏழு இசைத்தட்டுகளையும் சேர்த்துத் தந்தார். காசு வாங்கவில்லை.

அவருடைய அப்பா வாங்கிய பெட்டியாம். "சூறாவளிக்கு ஓடெல்லாம் பறந்திட்டு, இது கட்டிலுக்குக் கீழ கிடந்து தப்பினது. மறுகா தொண்ணூறில எல்லாத்தையும் விட்டுட்டு ஓடினம். திரும்பி வந்தா கதவும் இல்ல, யன்னலும் இல்ல, இது மட்டும் கிடக்கு. பாரம் எண்டு ஒருத்தரும் தூக்கல்ல போல" என்று சிரித்தார். அவர் சொன்னது 1978 நவம்பர் 23 சூறாவளி. தொண்ணூறைப் பற்றி இந்தப் பக்கத்து ஆட்களுக்கு விளக்கத் தேவையில்லை. சத்துருக்கொண்டான் இங்கிருந்து எட்டிப்பார்க்கிற தூரம்.

இதை எப்படித் திருத்தினோம் என்று மட்டும் எழுதினால் அது வேறு கட்டுரை. திருத்தினது சரியா என்பதில் எங்கட கூட்டத்துக்குள்ளேயே சண்டை வந்தது. அதையும் எழுத வேண்டியிருக்கு.

முதலில் வேலை. இப்படியொரு பெட்டி கையில் கிடைத்தால் ஆசையில் உடனே பிளக்கில் சொருகாதீர்கள். பழைய வயரின் உறை விறைத்து வெடித்திருக்கும். சில பழைய செட்டுகளில் உள்ளே இருக்கும் உலோகச் சட்டமே நேரடியாக மின்சாரத்தோடு தொடுப்பாக இருக்கும். தெரியாமல் தொட்டால் ஆள் இல்லை. நாங்கள் பயந்து, ரவுணில் றேடியோ திருத்துகிற ஐயா ஒருவரிடம் தூக்கிப்போனோம். எழுபது தாண்டிய மனிசன். அவர் கேட்ட கூலி ஒன்றுதான்: "கடையில விட்டுட்டுப் போகாதீங்க. பக்கத்தில இருந்து பாருங்க."

அவர் வயரை மாற்றினார், வீங்கியிருந்த கப்பாசிற்றரைக் கழற்றிப் புதுசு போட்டார். மிச்சத்தை எங்களிடம் விட்டார். தட்டைத் தூக்கினால் நடுத்தண்டில் பழைய கிறீஸ் பலாப்பால் மாதிரி இறுகிக் கிடந்தது. மண்ணெண்ணெயால் கழுவித் துடைத்துவிட்டுத் தையல் மெஷின் எண்ணெய் இரண்டு துளி. தண்டுக்கு அடியில் ஒரு சின்ன இரும்புக் குண்டு இருக்கும், அதைத் தொலைத்தால் கதை முடிந்தது. நாங்கள் தொலைத்தோம், சீமெந்துத் தரையில் ஒரு பின்னேரம் முழுக்கத் தவழ்ந்து கண்டுபிடித்தோம். மோட்டரின் சுழற்சியைத் தட்டுக்குக் கடத்துகிற றப்பர் சில்லு வழுவழுப்பாகிப் பிடிமானம் இழந்திருந்தது. மெல்லிய சாண்ட் பேப்பரால் விளிம்பைத் தேய்த்தோம். தட்டு சுற்றத் தொடங்கியது.

வேகம் சரியா என்று பார்க்கக் கருவி தேவையில்லை. தட்டின் ஓரத்தில் ஒரு துண்டுக் கடதாசியை ஒட்டி எண்ணினால் போதும். 33⅓ என்றால் மூன்று நிமிசத்துக்குச் சரியாக 100 சுற்று. 78 என்றால் ஒரு நிமிசத்துக்கு 78.

கடைசியாக ஊசி. 78 தட்டின் கோடு அகலம், பின்னால் வந்த எல்.பி. தட்டின் கோடு அதைவிட மிகவும் ஒடுக்கம். அதனால் இரண்டுக்கும் வேறு வேறு ஊசி. இங்கே எங்கும் இல்லை. வெளிநாட்டில் இருந்து எடுப்பித்தோம். ஊசியைவிடத் தபால் செலவு கூட. 2022இல் டொலர் 200 ரூபாயில் இருந்து 360 தாண்டிப் போன பிறகு, வெளியில் இருந்து வருகிற எந்தச் சின்னச் சாமானும் சின்னச் சாமான் இல்லை.

அந்த இடத்தில்தான் சண்டை. ஒருவர் சொன்னார்: "இந்தக் காசுக்கு எத்தின புத்தகம் வாங்கலாம்? இது வசதியான ஆக்களின்ர பொழுதுபோக்கு." இன்னொருவர்: "அந்த ஏழு தட்டிலயும் இருக்கிற பாட்டெல்லாம் யூடியூப்பில கிடக்கு. நல்லா சுத்தமாக் கேக்கலாம்." இரண்டும் நியாயமான கேள்வி. எங்களிடம் உடனே பதில் இல்லை.

முதல் கேள்வியில் பாதி உண்மை என்று இப்போதும் நினைக்கிறோம். பழைய கிராமபோனைப் பொலிஷ் பண்ணி ஹோட்டல் வாசலில் வைத்துப் படமெடுக்கிற பழக்கம் பெருகியிருக்கு. பாடாத பெட்டிக்கு அங்கே மரியாதை. அதைப் பாட வைக்கத் தெரிந்த மனிசனுக்கு ரவுணில் வருமானம் இல்லை. அவரிடம் தொழில் பழக யாரும் வருவதில்லை, வந்த ஒருவரும் கட்டாருக்குப் போய்விட்டார். நாங்கள் செலவழித்த காசு பெட்டிக்கு மட்டும் போயிருந்தால் அது வெறும் ஆடம்பரம்தான். ஆனால் எங்களில் மூன்று பேருக்கு இப்போது ஈயப்பற்று வைக்கத் தெரியும், மீற்றர் பிடித்து எங்கே அறுந்திருக்கு என்று பார்க்கத் தெரியும். போன மாதம் பக்கத்து வீட்டு ஃபானை நாங்களே திருத்தினோம்.

இரண்டாவது கேள்விக்குப் பதில் அந்தத் தட்டுகளிலேயே இருந்தது. ஏழும் 78. வினைல் இல்லை, அரக்குத் தட்டு. அதனால் ஸ்பிரிட் போட்டுத் துடைக்கக்கூடாது, கரைந்துவிடும். மெல்லிய சவர்க்காரத் தண்ணீரில், லேபிள் நனையாமல் கழுவினோம். லேபிளில் கல்கத்தாவின் டம்டம் தொழிற்சாலைப் பெயர். அதன்மேல் ஊதா மையில் மட்டக்களப்பு ஒலிபெருக்கிக் கடை ஒன்றின் முத்திரை. அப்படியென்றால் ஏதோ கோயில் திருவிழாவிலோ கலியாண வீட்டிலோ ஊர் கூடிக் கேட்ட தட்டு அது. யூடியூப்பில் பாட்டு இருக்கு. அந்த முத்திரை இல்லை.

மட்டக்களப்புக்குச் சத்தத்தைத் திருத்துவது புதிதும் இல்லை. காரைதீவில் 1892இல் பிறந்த விபுலானந்த அடிகள், வழக்கொழிந்துபோன யாழை இலக்கியத்தில் இருந்தும் கணக்கில் இருந்தும் மீட்டெடுக்கப் பல வருசம் உழைத்தார். யாழ் நூல் 1947 யூனில் அரங்கேறியது. அடுத்த மாதம் அவர் காலமானார். அவரிடம் யாரும் "வீணை இருக்குத்தானே, யாழ் எதுக்கு?" என்று கேட்டிருக்கலாம். இந்த வாவியின் பாடுமீன் சத்தத்தையும் 1950களில் லாங் அடிகளார் என்ற அமெரிக்க இயேசுசபைத் துறவி ஒலிப்பதிவு செய்தார். மீன் பாடுவதைக் கதையாக மட்டும் கேட்டவர்களுக்கு அந்தப் பதிவு ஒரு சாட்சி. எங்கட வேலை இவற்றுக்குக் கிட்டவும் நிற்காது. ஆனால் அதே வரிசையின் கடைசியில் நிற்க எங்களுக்கு ஆசை.

பெட்டி பாடத் தொடங்கின பிறகு தன்னாமுனைக்குத் திரும்பக் கொண்டுபோனோம். அம்மம்மா கதிரையில் இருந்து கேட்டார். மூன்றாவது தட்டில் ஓர் இடத்தில் ஆழமான கீறல். ஊசி அங்கே ஒரு சொல்லை விட்டுத் தாவும். தட்டு அந்த இடத்துக்கு வருவதற்கு முன்னமே அவர் வாயை மூடிக்கொண்டு, தாவின இடத்தில் இருந்து சரியாகப் பாட்டைப் பிடித்தார். நாங்கள் ஆளையாள் பார்த்தோம். பிறகு போனில் அதே பாட்டின் சுத்தமான பதிவைப் போட்டுக் காட்டினோம். அந்தச் சொல் வந்ததும் அவர் தடுமாறிப்போனார். "இது வேற பாட்டு போல" என்றார்.

அவர் வீட்டில் பாடினது கீறல் விழுந்த பாட்டுத்தான். கீறல் விழுந்த றெக்கோட் என்று நாங்கள் ஒருத்தரை ஒருத்தர் நக்கலடிப்போம், சொன்னதையே சொல்கிறவரை. அந்தக் கீறல் ஒரு குடும்பத்தின் நினைவாக இருக்கும் என்று யோசித்ததில்லை.

ஆகவே சொன்னதையே நாங்களும் திரும்பச் சொல்கிறோம். பழைய இரும்புக்காரர் வரும்போது முற்றத்தில் குவித்ததை ஒருக்கா கிளறிப் பாருங்கள். றேடியோ, கசற், இசைத்தட்டு, குடும்பக் கலியாணத்தின் ஒலிநாடா எதுவானாலும், விற்கும் முன் வீட்டுப் பெரியவரிடம் அதன் கதையைக் கேட்டுப் போனில் பதிந்து வையுங்கள். உங்கள் ஊரில் திருத்துகிற ஐயா இருந்தால் நாலு சனிக்கிழமை அவர் பக்கத்தில் போய் இருங்கள். பாட்டுக்கு உரிமைக்காரர் வேறு ஆட்கள், அதைப் பொதுவில் போட வேண்டாம். ஆனால் கதையும் குரலும் உங்கள் வீட்டுடையவை. வீட்டார் சம்மதித்தால் நூலக நிறுவனத்தின் ஆவணகம் போன்ற இடங்களுக்குக் கொடுக்கலாம்.

பெட்டியை அம்மம்மாவிடமே திருப்பிக் கொடுக்கப் பார்த்தோம். வேண்டாம் என்றுவிட்டார். "இஞ்ச வச்சா திரும்ப கட்டிலுக்குக் கீழதான் போகும். நீங்க வச்சுப் பாட விடுங்க, ஞாயிறில கொண்டு வாங்க."

அதனால் ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு மரப்பெட்டியை மோட்டார் சைக்கிளில் கட்டிக்கொண்டு போகிற பொடியன்களைத் தன்னாமுனைப் பக்கம் கண்டால், அது நாங்கள்தான். மூன்றாவது தட்டைத்தான் அவர் முதலில் கேட்பார்.