மாறும் விமானம், மறையும் இருக்கை

விமானம் புறப்படும் தறுவாயில் வேறொரு விமானம் மாற்றி விடப்படுவது இப்போது அரிதான நிகழ்வன்று. பழுது, என்ஜின் தட்டுப்பாடு, முன்பதிவுக் குறைவு எனக் காரணங்கள் பல. பாதுகாப்புக்காகச் செய்யப்படும் மாற்றத்தை யாரும் குறை கூற முடியாது. ஆனால், கால் நீட்ட வசதியான இருக்கைக்குக் கூடுதல் பணம் செலுத்திய முதியவர், புதிய விமானத்தில் கடைசி வரிசையின் நடு இருக்கையில் அமர்த்தப்படும்போது அந்தப் பணம் என்னவாகிறது?

உயர் வகுப்புப் பயணியை அவர் விருப்பமின்றிக் கீழ் வகுப்புக்கு மாற்றினால், உள்நாட்டுப் பயணமெனில் வரிகள் உள்பட கட்டணத்தில் 75 சதவீதத்தையும், வெளிநாட்டுப் பயணமெனில் தொலைவைப் பொருத்து 30 முதல் 75 சதவீதத்தையும் திருப்பித் தர வேண்டும் என்று 2023-இல் சிவில் விமானப் போக்குவரத்து தலைமை இயக்குநரகம் (டிஜிசிஏ) விதித்தது. நல்ல விதிதான். எனினும், அது பேசுவது வகுப்பைப் பற்றி மட்டுமே. நம் நாட்டில் பெரும்பாலானோர் பறப்பதோ ஒரே வகுப்பு கொண்ட மலிவுக் கட்டண விமானங்களில்!

பயணச்சீட்டு, இருக்கை, உணவு என ஒவ்வொன்றையும் தனித்தனியே விலையிட்டு விற்கும் நிறுவனம், மாற்றம் நேரும்போது மட்டும் 'இருக்கைக்கு உத்தரவாதமில்லை' என்ற ஒப்பந்த வாசகத்தைக் காட்டுகிறது. சில நூறு ரூபாய்க்காக எவரும் நுகர்வோர் ஆணையத்தை நாடுவதில்லை. அந்தத் தயக்கமே நிறுவனத்தின் வருவாயாகிறது.

கட்டணம் பெற்றும் வழங்கப்படாத கூடுதல் சேவைகளுக்கான தொகையைத் திருப்பித் தர வேண்டும் என அமெரிக்கப் போக்குவரத்துத் துறை 2024-இல் விதி வகுத்தது. இங்கும் டிஜிசிஏ அத்தகைய விதியைக் கொண்டுவர வேண்டும்; பயணி கேட்காமலேயே, அவர் பணம் செலுத்திய வழியிலேயே அத்தொகை திரும்பி வர வேண்டும்.