கடகத்துக்கு யார் வரி கட்டுவது?

பனையோலையில் இழைத்த கடகமும் பெட்டியும், பனங்கட்டியும், ஒடியல் மாவும், வீட்டில் இடித்த மிளகாய்த் தூளும் இன்று வடபுலத்துச் சிற்றூர்களிலிருந்து இலண்டனுக்கும் பாரிசுக்கும் ரொறன்ரோவுக்கும் பயணஞ் செய்கின்றன. இணையத்தில் ஒரு சிறு கடை. அதில் நான்கு படங்கள். கடல் கடந்து வாழும் எம்மவர் அனுப்பும் கட்டளைகள். இவ்வணிகம் தழைக்க வேண்டுமென்பதில் எமக்கு இரு வேறு கருத்தில்லை. ஆனால் விலை பேசுமளவுக்கு நம்மவர் வரி பேசுவதில்லை. பொதியைத் தபாலகத்தில் ஒப்படைத்ததும் தமது கடமை முடிந்ததென்று விற்றவர் எண்ணிவிடுகிறார். உண்மையில் தொல்லை தொடங்குவதே அதன் பின்னர்தான்.

இங்கிலாந்தை எடுத்துக்கொள்வோம். 15 பவுணுக்கு மேற்படாத பொதிகளுக்கு முன்பு அங்கே பெறுமதி சேர் வரி இல்லை. 2021 சனவரி 1ஆந் திகதி அச்சலுகை ஒழிந்தது. 135 பவுண் வரையிலான பொருளை அந்நாட்டவருக்கு நேரடியாக விற்கும் வெளிநாட்டார், தாமே அங்கு வரிப் பதிவு செய்து, விற்கும்போதே வரியை அறவிட்டு, அந்நாட்டு வரித் திணைக்களத்துக்குச் செலுத்த வேண்டுமென்பது அன்றுதொட்டுச் சட்டம். பெரிய இணையச் சந்தை வழியாக விற்றால் அச்சந்தையே இப்பொறுப்பை ஏற்கும். சொந்தக் கடை வைத்திருப்பவருக்கோ துணையில்லை. அவர் பதியாது அனுப்பும் 20 பவுண் கடகத்துக்கு 4 பவுண் வரி வாங்கியவரின் வாசலில் வந்து நிற்கும். அதனோடு பொதியைக் கொணர்பவரின் கையாட் கூலியும் சேரும். அக்கூலி வரியினும் மிகுவதுண்டு. மனங் கசந்தவர் பொதியை ஏற்க மறுத்தால் போன கூலியும் போயிற்று, கடகமும் போயிற்று. உணவுப் பொருள் பெரும்பாலானவற்றுக்கு அங்கே இவ்வரி சுழியம் என்பதைக்கூட நம்மவருட் பலர் அறியார். ஒரே பெட்டியில் மாவும் கடகமும் சேர்த்து, "பல பொருட்கள்" என்று ஒற்றை வரியில் எழுதிவிட்டால், வரியில்லாத மாவும் வரியுள்ள கடகத்தோடு சேர்ந்து மாட்டிக்கொள்ளும்.

இதற்கு நம்மவர் கண்ட குறுக்கு வழியொன்றுண்டு. சுங்கப் படிவத்தில் "அன்பளிப்பு" என்று எழுதுவதே அது. இதனை நாம் வன்மையாகக் கண்டிக்கிறோம். அன்பளிப்புக்குரிய 39 பவுண் சலுகை, ஒருவர் மற்றொருவருக்கு விலையின்றி அனுப்பும் பொருளுக்கே உரியது. பணம் பெற்று விற்றதை அவ்வாறு எழுதுவது பொய்ப் பிரகடனம். பிடிபட்டால் பறிபோவது அப்பொதி மட்டுமன்று. அதே ஊரிலிருந்து செல்லும் பிறருடைய பொதிகளும் ஐயத்துக்குள்ளாகும்.

ஐரோப்பிய ஒன்றியமும் 2021 யூலை 1 முதல் தனது 22 யூரோ விலக்கை நீக்கியது. 150 யூரோ வரையிலான பொதிகளுக்கு ஒரே பதிவில் ஒன்றியம் முழுவதற்கும் வரி செலுத்த வழியமைத்தது, நல்ல ஏற்பாடே. எனினும் இலங்கை வணிகர் அதிற் சேர ஒன்றியத்துக்குள்ளேயே ஓர் இடைமுகவரை அமர்த்த வேண்டும். மாதம் பத்துப் பொதி அனுப்புபவர் முகவருக்கு எங்ஙனம் ஊதியங் கொடுப்பார்? அதே பொதிகளிலுள்ள ஒவ்வொரு வகைப் பொருளுக்கும் 2026 யூலை 1 முதல் 3 யூரோ தீர்வை அறவிடுவதெனவும் 2025 டிசம்பரில் உறுப்பு நாடுகள் உடன்பட்டன. அமெரிக்காவின் கதை இன்னும் கொடிது. 2025 ஏப்ரிலில் இலங்கைக்கு 44 வீதமென்றார்கள். யூலையில் 30 என்றார்கள். ஓகஸ்டில் 20 என்றார்கள். அம்மாதம் 29ஆந் திகதி 800 டொலர் வரை இருந்த தீர்வை விலக்கையும் நிறுத்தினார்கள். தபால் வழிப் பொதிக்கு, விலையின் வீதப்படி அறவிடுவதற்குப் பதிலாகப் பொருளொன்றுக்கு 160 டொலர் அறவிடும் மாற்று வழியும் முதல் ஆறு மாதங்களுக்கு வைக்கப்பட்டது. 40 டொலர்ப் பெட்டிக்கு ஒரு வழியில் 8 டொலர், மறு வழியில் 160! உலகெங்கும் 80க்கு மேற்பட்ட தபாற் சேவைகள் அமெரிக்காவுக்கான பொதிகளை முற்றாகவோ பகுதியாகவோ நிறுத்தின. சீனத்தின் பெருங்கடைகளாகிய சுறாக்களுக்கு விரித்த வலை என்கிறார்கள். வலையின் கண்ணோ சூடை மீனுக்குப் பின்னியது போலிருக்கிறது.

வரியொருபுறமிருக்க, கூலியிலும் ஒரு கண்ணியுண்டு. விமான வழிக் கூரியர் நிறுவனங்கள் நிறையை மட்டும் பார்ப்பதில்லை. பெட்டியின் நீள, அகல, உயரங்களைச் சென்றிமீற்றரில் பெருக்கி 5000 ஆல் வகுத்து, வருந்தொகை நிறையினும் கூடினால் அதற்கே கூலி கேட்கின்றன. 40, 40, 30 சென்றிமீற்றர்ப் பெட்டியில் ஒரு கிலோவுக்குங் குறைந்த கடகத்தை அனுப்பினால் 9.6 கிலோவுக்குக் கூலி. அதாவது காற்றுக்குக் கூலி. ஒன்றினுள் ஒன்றாக ஐந்து கடகங்களை அடுக்கினால் அதே கூலி ஐந்தாகப் பங்கிடப்படும். இழைக்கும்போதே அளவை ஒழுங்குசெய்தால் இது இயலும். நம் பாட்டிமார் அடுக்குப் பெட்டி இழைத்த கைகள் நம்மிடையே இன்னும் இருக்கின்றன.

இத்தனையையும் ஒரு தனி விதவைப் பெண்ணோ, இளம் பட்டதாரியோ தனித்துச் சுமக்க முடியுமா? முடியாது. ஆதலின் பனை, தென்னை வளக் கூட்டுறவுச் சங்கங்கள் ஒன்றிணைந்து ஒரே பெயரில் இங்கிலாந்தில் வரிப் பதிவு பெறல் வேண்டும். ஐரோப்பாவில் ஓர் இடைமுகவரை அமர்த்தல் வேண்டும். பொருட்களைத் திரட்டி ஒரே சரக்காக இலண்டனுக்கு அனுப்பி, சுங்கத்தை ஒரு தடவையிலே தீர்த்து, அங்கிருந்து உள்ளூர்த் தபாலில் வீடுகளுக்குச் சேர்ப்பிக்கலாம். 1978இல் நிறுவப்பட்ட பனை அபிவிருத்திச் சபை இதற்கு முதலடி எடுத்துவைக்கக் கடமைப்பட்டது. கடையின் விலைப்பட்டியலோடு, ஒவ்வொரு பொருளுக்கும் உரிய சுங்கக் குறியீட்டெண்ணையும் தமிழில் ஒரு சிறு கையேடாக அச்சிட எவ்வளவு செலவாகும்? கடகத்துக்குரியது 4602 என்பதைத் தேடிப் பிடிக்க ஒரு குடும்பம் இரண்டு நாட்களை இழக்க வேண்டியதில்லை.

இலண்டனில் கணக்காளராகவும் வழக்கறிஞராகவும் விளங்கும் எம்மவர் ஊர்ச் சங்க விழாக்களுக்கு அன்பளிப்புச் செய்வதை நாம் போற்றுகிறோம். இக்கூட்டுறவின் காலாண்டு வரிக் கணக்கை ஊதியமின்றி ஆண்டுக்கு நான்கு தடவை ஒப்புவித்துக் கொடுக்க இருவர் முன்வருவார்களாயின், அதனை அவற்றினும் பெரிய கொடையாகக் கருதுவோம். தைப்பொங்கலுக்குரிய பொதிகள் கார்த்திகையிலேயே கட்டப்படுகின்றன. அதற்கு முன்னர் சங்கங்களின் தலைவர்கள் ஒரு தடவையேனும் ஒரே மேசையிற் கூடுவார்களா?