பேரேட்டை மூடிவிட்டுப் புறப்படுவோம்

மாலை ஐந்தரை மணி. பாலத்தில் நெரிசல் கூடுவதற்குள் பட்டர்வொர்த் பக்கம் போய்ச் சேர வேண்டும். கணினியை அணைக்கக்கூடப் பொறுமையில்லாமல் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு ஓடுகிறோம். பட்டம் பெற்று வேலைக்குச் சேர்ந்த முதல் ஆண்டு முழுவதும் நானும் அப்படித்தான் ஓடினேன்.

ஓர் இரவு அப்பாவுக்கு நெஞ்சுவலி வந்தது. மறுநாள் நான் மருத்துவமனையில் இருந்தேன். அன்று நண்பகலுக்குள் ஒரு வாடிக்கையாளருக்கு அனுப்ப வேண்டிய விலைக் குறிப்பு என் பொறுப்பில் இருந்தது. அது எங்கே இருக்கிறது, எதுவரை முடிந்திருக்கிறது என்று என்னைத் தவிர யாருக்கும் தெரியாது. "மேசைக்கு இடப்பக்கம், மூன்றாவது அடுக்கில் பாருங்கள் அக்கா" என்று அவசரப் பிரிவின் வாசலில் நின்று தொலைபேசியில் வழிசொல்லிக் கொண்டிருந்தேன். கிடைக்கவில்லை. வாடிக்கையாளர் வேறு இடம் போய்விட்டார். அப்பா நல்லபடியாகத் தேறிவிட்டார். ஆனால் அவர் அருகில் இருந்திருக்க வேண்டிய ஒரு மணி நேரத்தை நான் தொலைபேசியில் தொலைத்தேன். வாடிக்கையாளரை இழந்ததைவிட அதுதான் இன்னும் உறுத்துகிறது.

வேலை நாளின் கடைசிப் பத்து நிமிடத்தை ஒழுங்கு செய்வதற்கு ஒதுக்குங்கள் என்று சொன்னால், பலர் மேசையைத் துடைத்து வைப்பதாக எண்ணிக்கொள்கிறார்கள். நான் சொல்வது அதுவன்று. நாளை நம் வேலையைத் தொடரப்போகிறவர் நாமாக இல்லாமலும் போகலாம். அவருக்கும் புரியும்படி இன்றைய நாளை முடித்து வைக்க வேண்டும்.

இது நம்மவருக்குப் புதிய பாடமன்று. ஜார்ஜ் டவுனின் பினாங்கு வீதியில் நாட்டுக்கோட்டைச் செட்டியார்களின் கிட்டங்கிகள் இருந்தன. ஒரே கூடத்தில் பல நிறுவனத்தார் தத்தம் மரப்பெட்டியின் பின்னால் தரையில் அமர்ந்து வட்டித்தொழில் நடத்தினார்கள். முதலாளி பெரும்பாலும் கடலுக்கு அப்பால் செட்டிநாட்டில் இருப்பார். இங்கே கடையைப் பார்த்துக்கொள்ளும் முகவர் வழக்கமாக மூன்றாண்டுத் தவணைக்கு வந்தவர். தவணை முடிந்ததும் அவர் இடத்தில் இன்னொருவர் வந்து உட்காருவார். ஆகவே கணக்கு ஒருவர் மனத்தில் மட்டும் இருந்தால் போதாது. அன்றன்றைய கொடுக்கல் வாங்கல் குறிப்பில் ஏறும். ஆள்வாரியாகப் பேரேட்டில் பதிவாகும். கையிலுள்ள பணம் ஏட்டிலுள்ள இருப்போடு ஒத்துவர வேண்டும். அந்தத் தொழிலால் நிலத்தையும் நகையையும் இழந்தவர்கள் உண்டு. அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனாலும், நாளைக்கு வேறு ஆள் வந்தாலும் புரியும்படி எழுதி வைக்கும் அந்த ஒழுக்கம் நாம் எடுத்துக்கொள்ளத் தக்கது.

பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டைக்குப் போனாலும் இதையே பார்க்கலாம். 1972இல் அங்கே தொழிற்சாலைகள் வரத் தொடங்கிய காலத்திலிருந்து நம் அக்காமாரும் அண்ணன்மாரும் ஷிப்ட் வேலை செய்து வருகிறார்கள். எந்த இயந்திரம் பழுது, எந்த வேலை பாதியில் நிற்கிறது என்று அடுத்து வருபவரிடம் சொல்லாமல் போனால் உற்பத்தி தடைபடும். அலுவலகத்தில் அடுத்த ஷிப்ட் ஆள் கண்ணுக்குத் தெரிவதில்லை. அதனால்தான் நாம் அலட்சியமாக இருக்கிறோம்.

இதில் நமக்கும் நன்மை உண்டு. மாசிகாம்போ, பாமைஸ்டர் என்ற இரு உளவியலாளர்கள் 2011இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். முடியாத வேலை பற்றிய எண்ணம் வேறு வேலையின் நடுவிலும் வந்து தொல்லை கொடுக்கிறது. ஆனால் அதை எப்போது, எப்படிச் செய்வது என்று திட்டமிட்டாலே அந்தத் தொல்லை குறைகிறது என்பது அவர்கள் கண்டது. வேலையை முடிக்க வேண்டும் என்பதுகூட இல்லை. இரவுச் சாப்பாட்டின்போது அலுவலகம் மனத்தில் வந்து உட்காராமல் இருக்க ஒரு தாள் போதும்.

அந்தத் தாளில் என்ன எழுதுவது? இன்று முடிந்தவை, முடியாதவை, யாருடைய பதிலுக்காகக் காத்திருக்கிறோம், நாளைக் காலை முதல் வேலை எது என்ற நான்கு வரிகள் போதும். கோப்புகளைப் பொது இடத்தில் தேதியுடன் சேமியுங்கள். 'இறுதி', 'இறுதி 2', 'உண்மையான இறுதி' என்று பெயரிட்டால் ஒரு மாதம் கழித்து நமக்கே விளங்காது.

முதலாளிகளுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். 2023 ஜனவரி முதல் நம் நாட்டு வேலைச் சட்டம் வார வேலை நேரத்தை 48 மணியிலிருந்து 45 மணியாகக் குறைத்தது. இந்தப் பத்து நிமிடமும் வேலை நேரத்துக்குள்தான் அடங்க வேண்டும். ஐந்து இருபதுக்குப் புதிய வேலையைக் கொடுத்துவிட்டு ஒழுங்கு பற்றிப் பேசுவது நியாயமன்று.

மாணவ நண்பர்களே, இந்தப் பழக்கத்துக்கு வேலை கிடைக்கும்வரை காத்திருக்க வேண்டாம். கழகங்களில் ஆண்டுதோறும் செயலவை மாறுகிறது. மண்டபத்துக்கு யாரிடம் விண்ணப்பித்தோம், நன்கொடையாளர் யார் யார், எவ்வளவு மிச்சம் என்பதெல்லாம் பழைய செயலாளரின் கைப்பேசியோடு போய்விடுகிறது. புதியவர்கள் மறுபடியும் ஒன்றிலிருந்து தொடங்குகிறார்கள். இந்த ஆண்டு பொறுப்பிலிருந்து இறங்குபவர்கள் ஒரு பேரேட்டை எழுதிக் கொடுத்துவிட்டு இறங்கட்டும்.

இப்போது நானும் ஐந்தே காலுக்கு அந்த நான்கு வரிகளை எழுதிவிடுகிறேன். பாலத்தில் நெரிசல் குறைந்தபாடில்லை. ஆனால் அப்பாவோடு உட்கார்ந்து தேநீர் குடிக்கும்போது தொலைபேசி அடிப்பதில்லை.