சாறு மட்டும் போதாது

காலையில் உள்நோயாளிகளைப் பார்வையிடச் செல்லும்போது, கட்டிலருகே உள்ள சிறு மேசையில் ஒரு ஃபிளாஸ்க்கை அடிக்கடி காண்கிறோம். விடியுமுன் எழுந்து, கோழியை வேகவைத்து, வடிகட்டி, சூடு ஆறுவதற்குள் வீட்டார் கொண்டுவந்து சேர்த்த சூப் அது. அந்த அன்பை நாங்கள் பெரிதும் மதிக்கிறோம். ஆனால் "கறி எங்கே?" என்று கேட்டால், "சத்தெல்லாம் சாற்றில் இறங்கிவிட்டது, டாக்டர். வெறும் சக்கைதானே என்று வீட்டிலேயே வைத்துவிட்டோம்" என்ற பதிலே பெரும்பாலும் கிடைக்கிறது. இந்த நம்பிக்கையில்தான் நாங்கள் மாறுபடுகிறோம்.

வெந்த கோழிக்கறி 100 கிராமில் ஏறக்குறைய 25 கிராம் புரதம் இருக்கிறது. வடிகட்டிய சாறு ஒரு கோப்பையில் இருப்பது சில கிராம்களே. காய்ச்சலிலும் அறுவை சிகிச்சைக்குப் பின்னரும் உடல் தன் தசையையே கரைத்துச் செலவிடுகிறது. அந்த இழப்பை ஈடுசெய்யப் புரதம் வேண்டும். நாள்தோறும் சாற்றை மட்டும் அருந்தும் நோயாளிக்கு வயிறு நிறைந்தது போலத் தோன்றும். உடலோ மெலிந்துகொண்டே போகும்.

சூப்பால் பயனே இல்லை என்று நாங்கள் கூறவில்லை. அதன் சூடும் ஆவியும் மூக்கடைப்பைத் தளர்த்துகின்றன, நீரிழப்பைத் தடுக்கின்றன, பசியற்றவருக்கும் ஒரு வாய் உண்ணும் விருப்பத்தைத் தருகின்றன. வெள்ளையணுக்களில் ஒரு வகையின் நகர்வைக் கோழி சூப் மட்டுப்படுத்துவதாக அமெரிக்காவின் நெப்ராஸ்கா ஆய்வாளர்கள் 2000-ஆம் ஆண்டில் வெளியிட்டனர். ஆயினும் அது சோதனைக் குழாயில் கண்டது. சூப் மருந்துக்குத் துணையாகலாம்; மருந்துக்கு மாற்றாகாது.

ஆகவே எங்கள் பரிந்துரை, கறியும் நூடுல்ஸும் சேர்ந்த எளிய சூப். எலும்பில்லாத கோழிக்கறி 150 கிராமைச் சிறு துண்டுகளாக்குங்கள். நறுக்கிய சின்ன வெங்காயம், பூண்டு, இஞ்சி, கேரட் ஆகியவற்றைச் சிறிது எண்ணெயில் வதக்கி, கறியும் மூன்று கோப்பை நீரும் சேர்த்துக் கால் மணி நேரம் நன்கு வேகவிடுங்கள். பின்னர் ஒரு கைப்பிடி நூடுல்ஸ் அல்லது சேமியாவை இட்டுக் குழைய வேகவைத்து, மிளகுத்தூளும் கொத்தமல்லியும் தூவி இறக்குங்கள். அரை மணி நேரத்தில் இருவருக்குப் போதுமான உணவு ஆயத்தமாகிவிடும். அசைவம் உண்ணாதோர் கறிக்கு மாற்றாகப் பாசிப்பருப்பைக் குழைய வேகவைத்துச் சேர்க்கலாம்.

நூடுல்ஸ் பொட்டலத்துடன் வரும் மசாலாத் தூளைத் தவிர்த்துவிடுங்கள். ஒரு நாளைக்கு 5 கிராமுக்கும் குறைவான உப்பே போதும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அதில் பெரும்பங்கை அத்தூள் ஒருவேளையிலேயே கொடுத்துவிடக்கூடும்.

எல்லா நோயாளிகளுக்கும் இது பொருந்தாது. சிறுநீரக நோயும் இதயச் செயலிழப்பும் உடையோர்க்கு நீர், உப்பு, புரதம் ஆகியவற்றின் அளவை மருத்துவரே வரையறுக்க வேண்டும். பக்கவாதத்திற்குப் பின் விழுங்கச் சிரமப்படுவோர்க்கு நீர்த்த சூப் மூச்சுக்குழலுக்குள் சென்றுவிடும் அபாயம் உண்டு. அறுவை சிகிச்சை முடிந்தவர்க்கு மருத்துவர் அனுமதித்த பின்னரே எதையும் கொடுங்கள். மீந்த சூப்பை இரண்டு மணி நேரத்திற்குள் குளிர்பெட்டியில் வைத்து, மறுமுறை கொதிக்கவிட்டே பரிமாறுங்கள். காலையில் கொண்டுவந்த சூப்பை அறையில் மாலைவரை வைத்திருந்து கொடுக்க வேண்டாம்.

இறுதியாக, உடனிருந்து பேணுவோர்க்கு ஒரு சொல். இருவருக்கான அளவை நாங்கள் காரணத்தோடுதான் குறிப்பிட்டோம். நோயாளிக்கு ஊட்டிவிட்டுத் தேநீரோடு நாளைக் கழிப்போரைப் பல ஆண்டுகளாகப் பார்த்துவருகிறோம். அவர்களுள் சிலர் பின்னர் எங்களிடமே நோயாளியாக வந்ததும் உண்டு. இரண்டாவது கிண்ணம் உங்களுக்குரியது. அது ஆறுவதற்குள் அமர்ந்து உண்ணுங்கள்.