நைஜீரியாவின் கரும் பீர்

நைஜீரியாவில் கின்னஸ் கம்பெனியின் உடைமை 2024-ஆம் வருஷத்தில் கைமாறிற்று. லண்டனைத் தலைமை ஸ்தானமாகக் கொண்ட டியாஜியோ கம்பெனி, தன் வசமிருந்த நூற்றுக்கு 58.02 பங்குகளை, சிங்கப்பூரிலுள்ள டோலாராம் நிறுவனத்துக்கு விற்றுவிட்டது. ஐரோப்பிய முதலாளி வெளியேறினான், ஒரு கைத்தொழில் விடுதலை பெற்றது என்று இதைக் கண்டு மகிழ்வோர் உண்டு. அவர்கள் கிரயப் பத்திரத்தை மட்டும் படித்தார்கள். அதனுடன் சேர்ந்த உடன்படிக்கையைப் படிக்கவில்லை என்றே நாம் கருதுகிறோம்.

1759-இல் ஆர்தர் கின்னஸ் என்பவர் டப்ளின் நகரில் ஒரு பீர்த் தொழிற்சாலையை வருஷத்துக்கு 45 பவுன் வாடகையில் 9,000 வருஷங்களுக்குக் குத்தகை எடுத்தார். அங்கே தயாராகும் ஸ்டவுட்டின் கரிய நிறமும் கசப்பும், கருக வறுத்த வாற்கோதுமையினால் உண்டாவன. இந்தப் பானம் கப்பலேறி ஆப்பிரிக்கா சென்றது. 1960-க்களின் தொடக்கத்தில் லாகோஸை அடுத்த இக்கேஜாவில் ஆலையும் எழுந்தது. ஆயினும் தானியம் அந்நிய நாட்டிலிருந்தே வந்துகொண்டிருந்தது.

1986-இல் எண்ணெய் விலை வீழ்ந்து, நைஜீரியாவின் அந்நியச் செலாவணி வற்றிற்று. 1988-இல் அந்நாட்டு ராணுவ சர்க்கார் முளை கட்டிய வாற்கோதுமையின் இறக்குமதியைத் தடுத்தது. சோளத்தில் பீர் காய்ச்சுவது ஆகாத காரியம் என்று சொல்லப்பட்டது. மாவுச்சத்தைச் சர்க்கரையாக்கும் சக்தி முளைச்சோளத்தில் குறைவு என்பது மெய்யே. ஆனால் அந்நாட்டு ஜனங்கள் புருகுட்டு, பிட்டோ என்னும் பானங்களை அதே சோளத்திலிருந்துதான் தலைமுறை தலைமுறையாகக் காய்ச்சி வந்தார்கள். ஆலைகளும் நொதிகளைச் சேர்த்து, சோளத்தையும் மக்காச்சோளத்தையும் கொண்டே காரியத்தை முடித்தன. ஆகாது என்றது ஆயிற்று. உள்நாட்டு உழவனுக்கும் ஒரு சந்தை கிடைத்தது.

ஆனால் ஸ்டவுட்டை ஸ்டவுட் ஆக்கும் பொருள் வேறு. வறுத்த வாற்கோதுமையும் ஹாப்ஸும் சேர்த்துக் காய்ச்சிச் சுண்டவைத்த கருஞ்சாறு டப்ளினில் தயாராகிறது. உள்நாட்டில் காய்ச்சிய வெளிர்ந்த பீரில் அதைக் கலந்த பின்னரே அது கின்னஸ் ஆகிறது. தானியம் சுதேசி, குணம் பரதேசி!

2024 விற்பனையும் இந்தப் பிரிவினையையே சட்டமாக்கியிருக்கிறது. கின்னஸ் என்னும் பெயர் டியாஜியோவின் சொத்தாகவே நிற்கிறது. நைஜீரியக் கம்பெனி நெடுங்கால அனுமதி பெற்று, ராயல்டி செலுத்தி வரும். 2023 ஜூனில் நைரா நாணயத்தின் கட்டு தளர்த்தப்பட்டபின், ஒரு வருஷத்துக்குள் அதன் மதிப்பு பாதிக்கும் கீழே இறங்கி, அக்கம்பெனி பெருநஷ்டம் அடைந்தது. இத்தகைய நஷ்டத்தின் அபாயம் இனி வாங்கினவரைச் சேர்ந்தது. பெயரின் வாடகை விற்றவரைச் சேர்ந்தது. 2022-இல் காமரூனிலும் 2025-இல் கானாவிலும் தன் ஆலைகளைக் காஸ்டெல் கம்பெனிக்கு விற்க டியாஜியோ ஒப்பியபோதும், கின்னஸ் பெயரை விட்டுக்கொடுக்கவில்லை.

இதில் மோசடி ஏதும் இல்லை. இரண்டரை நூற்றாண்டு உழைத்துத் தேடிய பெயருக்கு உடையவன் வாடகை கேட்பது நியாயமே. ஆனால் ஆலையின் சுவர்களை வாங்குவதையே பொருளாதார சுதந்திரம் என்று ஒரு தேசம் எண்ணுமானால் அது ஏமாந்து போகும். 1988-இன் தடை தானியத்தை உள்நாட்டினதாக்கிற்று. பெயரையும் பக்குவத்தையும் எந்தத் தடைச் சட்டமும் ஈட்டித் தராது. சோளத்தையே வறுத்து, தன் பெயரிட்டு, தன் ஜனங்கள் விரும்பிக் கேட்கும் பண்டத்தை ஆக்குகிற நாளில்தான் நைஜீரியா அந்தக் கருஞ்சாற்றுக்குக் கப்பம் கட்டுவதை நிறுத்தும்.